பம்பரில் தொங்கிய எலுமிச்சம்பழம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் ஒரே கற்பூர வாசனை.

கீழ்வீட்டுப் பிரகாஷ் புதுக் கார் வாங்கியிருக்கிறான். ஐ.டி. கம்பெனிப் பையன். மனைவி நித்யாவுக்கும் அதே ஆபீஸ்தான். காருக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி... எல்லாம் முறைப்படி ஆயிற்று. கடைசியாக நித்யா ஒரு எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாய்களையும் கறுப்புக் கயிற்றில் கோத்து எடுத்துக்கொண்டு, முன்பக்க பம்பரில் கட்டக் குனிந்தாள்.

"முதல் டிரிப் எங்கேம்மா?" என்று கேட்டு வைத்தேன்.

"முதுமலை, ஆன்ட்டி! நாளைக்குக் கிளம்புறோம். யானை பாக்கணும்!"

அவ்வளவுதான். மாடிப்படியில் பேப்பரும் கையுமாக நின்றிருந்த என் வீட்டுக்காரர் — ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், பஸ் போய்விட்டாலும் அடுத்த பஸ் வரும் என்று நிதானமாக நடக்கிற மனிதர் — ஓடினார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், நித்யாவின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினார்.

"வாணாம்மா! மிளகா இருக்கட்டும். பழம் வாணாம். பழம் மட்டும் வாணவே வாணாம்!"

நித்யாவின் முகம் சுண்டிப்போயிற்று. புது வண்டி, நல்ல நாள்... கட்டப்போகிற திருஷ்டியைக் கையிலிருந்து பிடுங்குகிறார் மாடிவீட்டு அங்கிள்! பிரகாஷ் திரும்பி என்னைப் பார்த்தான். அங்கிளுக்கு என்ன ஆச்சு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல பையன்.

என்ன ஆயிற்று என்று அங்கேயே, காருக்குப் பக்கத்தில் நின்றபடி அவர்களுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆப்பிரிக்காவில் இருந்தோம். போட்ஸ்வானா. உலக மேப்பில் விரலை வைத்துக் காட்டினாலும் எங்கள் சொந்தக்காரர்கள் 'சரி, துபாய்க்கு எந்தப் பக்கம்?' என்றுதான் கேட்பார்கள். அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் கணக்கும் சயின்ஸும் சொல்லிக்கொடுக்க அப்போது நம் பக்கத்திலிருந்து வாத்தியார்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இவருக்கும் ஒரு கான்ட்ராக்ட் கிடைத்தது. இரண்டு வருஷம்; பிடித்தால் நீட்டிக்கலாம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பூட்ட ஒரு வீடு, சாவியை ஒப்படைக்க ஒரு நாத்தனார். கிளம்பிவிட்டோம்.

வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. நான் கோவளத்துக்காரி. எங்கள் கரையில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அலைக்கு மேலே கத்தினால்தான் காரியம் நடக்கும். படகு ஏறும்போது ஒரு கூச்சல், மீன் ஏலத்தில் ஒரு கூச்சல், மாமல்லபுரம் பஸ்ஸை நிறுத்த ஒரு கூச்சல்... நான் ரகசியம் சொன்னால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

இவர் நேர் எதிர். கருங்குழிக்கு உள்ளே தள்ளிப் போகவேண்டும் இவர் ஊருக்கு. வேடந்தாங்கல் ஏரியை ஒட்டிய கிராமம். கடல் கடந்தெல்லாம் பறவைகள் வந்து தங்கிப் போகும் ஏரி. அங்கே தீபாவளிக்கு வெடி கிடையாது. வெடித்தால் பறவை கலைந்துவிடும். யாரும் வந்து தடுப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். சீசன் வந்துவிட்டால் கரைமேல் நடக்கிறவர்கள் மாட்டைக்கூட அதட்ட மாட்டார்கள்.

எங்கள் தலைதீபாவளி கோவளத்தில். என் தம்பி ஆசையாசையாக வாங்கி வைத்திருந்த சரத்தைக் கொளுத்திவிட்டான். புது மாப்பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். "இன்னாக்கா, மாமா வெடிக்கே இப்டி பயப்படுறாரு... உன்ன எப்டிக் கட்டினாரு?" என்று தம்பி கேட்டான். ஊரே சிரித்தது. இவருக்குப் பயமில்லை. பழக்கமில்லை. இரண்டும் வேறு வேறு என்பது எனக்குப் புரியவே பல வருஷம் பிடித்தது.

போட்ஸ்வானா இவருக்கு ஒத்துப்போயிருக்க வேண்டிய இடம்தான். அமைதியான நாடு. பரந்த, காய்ந்த மண். மழைக்கும் பணத்துக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல் — புலா. விசேஷம் முடிந்தால் எல்லோரும் கையை உயர்த்தி 'புலா!' என்று வாழ்த்துவார்கள். மழையையே வாழ்த்தாகச் சொல்கிற ஜனங்களை எப்படிப் பிடிக்காமல் போகும்? ஆனால் இவருக்கு ஊர் ஏக்கம். ஏரி நிரம்பியிருக்குமா, கூழைக்கடா வந்திருக்குமா, மடை திறந்திருப்பார்களா... கான்ட்ராக்ட் முடிய நாலைந்து மாசம் இருக்கும்போதே பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"டிசம்பரோட போயிடலாம். இன்னா கீது இங்க? வெயிலு, முள்ளு, மாடு. அது மதுராந்தகத்துலயே கீது."

"யானை இருக்குது, சிங்கம் இருக்குது. ஒண்ணுமே பாக்கலியே நாம! ஆப்பிரிக்காவுக்குப் போயும் யானை பாக்கலியான்னு நாளைக்கு எவளாவது கேட்டா நான் இன்னா சொல்றது?"

"வண்டலூர்ல பாத்தேன்னு சொல்லு."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எனக்கு அந்த நாட்டை விட்டுப் போக மனசே இல்லை. இன்னும் ஆரம்பிக்கவே இல்லாத புத்தகத்தை யாரோ மூடி வைக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு பேரம் பேசினேன். ஆகஸ்ட் லீவில் வடக்கே, சோபே ஆற்றங்கரைத் தேசியப் பூங்காவுக்கு ஒரே ஒரு தடவை போய்வருவோம். அதற்கப்புறம் நீங்களே சொல்லுங்கள், இருக்கலாமா போகலாமா என்று. நீங்கள் போகலாம் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

"நீயா? வாயத் தொறக்க மாட்ட?"

"சத்தியமா."

"இதுக்காகவே போய்ட்டு வரலாம்," என்றார்.

ஆக, எல்லாம் அந்த ஒரு டிரிப்பில் இருந்தது. ஒன்றும் தப்பாகப் போய்விடக்கூடாது. எங்களிடம் இருந்ததோ ஒரு பழைய பிக்கப் வண்டி. ஊர் திரும்பிய இன்னொரு தமிழ் வாத்தியார் தள்ளிவிட்டுப் போனது. மேட்டில் இருமும், பள்ளத்தில் மூச்சுவாங்கும். நடுக்காட்டில் அது நின்றால் என் ஆப்பிரிக்கா அங்கேயே முடிந்தது. நான் வேறு என்ன செய்வேன்? கிளம்புகிற காலையில் கற்பூரம் ஏற்றி, நல்ல கனத்த எலுமிச்சம்பழமாக ஒன்றைப் பொறுக்கி, மேலும் கீழும் பச்சை மிளகாய் கோத்து, பம்பரில் இறுக்கிக் கட்டினேன். மனசு நிம்மதியாயிற்று.

வடக்கே போகிற ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. மணிக்கணக்கில் ஒரு வளைவு கிடையாது. எதிரே ஒரு வண்டி வந்தால் கல்யாண வீட்டில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இரண்டு பக்கமும் கையசைப்போம். ரோட்டுக்கு நடுவகிடு எடுத்த மாதிரி கழுதைகள் வரிசையாக நிற்கும். அப்புறம் கழுதைகளும் இல்லை. முறிந்த மரங்கள். ரோட்டோரம் கூடைகூடையாகச் சாணம். யாருடைய சாணம் என்று கேட்க வேண்டியதே இல்லை.

பூங்காவுக்குள் நாங்கள் தங்கவேண்டிய கேம்ப் வாசலில் ஒரு போர்டு: ஆரஞ்சு, எலுமிச்சை, அந்த ஜாதிப் பழம் எதுவும் உள்ளே கூடாது. காக்கிச் சட்டை போட்ட அம்மாள் ஒருத்தி வந்து விளக்கினாள். யானைக்கு அந்த வாசனை உயிராம். எங்கேயிருந்தாலும் மோப்பம் பிடித்து வரும். கூடாரத்தைக் கிழிக்கும், கார்க் கதவைப் பிடுங்கும்.

வழிக்கு வாங்கிய ஆரஞ்சுப் பையை உடனே கொடுத்துவிட்டோம். இவர் யோசித்து, ஊறுகாய் பாட்டிலையும் எடுத்தார்.

"அது எதுக்கு?"

"எலுமிச்ச ஊறுகாதானே?"

"உப்புல ஊறிப்போனப்புறம் அது இன்னா பழம்?"

"ரூல்னா ரூல்." கொடுத்துவிட்டார். தயிர்சாதத்துக்கு நாதியில்லாமல் போயிற்று.

"வேறு பழம் ஏதாவது?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "இல்லவே இல்லை" என்று இவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த அம்மாள் வண்டியைச் சுற்றி வந்தாள். பம்பர் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது, காய்ந்த புல் சிக்கியிருந்தது. அவளுக்கும் எதுவும் தெரியவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேர் மனசிலும் அது பழமே இல்லை. அது திருஷ்டி!

யோசித்துப் பாருங்கள். கூடையில் இருந்தால் பழம். சாமி காலடியில் வைத்து எடுத்தால் பிரசாதம். டயருக்கு அடியில் வைத்தால் பலி. பெரிய மனிதர் கையில் கொடுத்தால் மரியாதை. பம்பரில் தொங்கினால் காவல்காரன். ஒரே எலுமிச்சம்பழத்துக்கு நாம்தான் அத்தனை வேஷம் கட்டி வைத்திருக்கிறோம். யானைக்கு அது எதுவும் தெரியாது...

மத்தியானம் சாய்கிற நேரம். ஆற்றங்கரை மணல் தடத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தோம். இலையுதிர்ந்த காடு ஒரு பக்கம். மறுபக்கம் ஆறு, அகலமாக, அவசரமில்லாமல். நம் பாலாற்றில் என்றைக்கும் பார்த்திராத தண்ணீர். கரையில் ஒரு ஈ காக்கை இல்லை.

முதலில் காட்டுக்குள் தூசி எழும்பியது. அப்புறம் அந்தத் தூசி நடந்து வந்தது. மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மதில் மதிலாக... தாய்கள், அத்தைகள், தாயின் வயிற்றுக்கு அடியிலேயே ஓடிவரும் குட்டிகள். வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு பெரிய கூட்டம், இத்தனை கால்கள் — சத்தமே இல்லை! மணலில் பஞ்சுப்பொதியை இறக்குகிற மாதிரி பாதங்கள் இறங்கின. சத்தம் போடாமலும் இவ்வளவு பெரிதாக இருக்கமுடியுமா? கோவளத்துக்காரிக்கு அது புதுச் செய்தி. என் கண்ணில் தண்ணீர் நின்றது. இவரைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் உட்கார்ந்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவன் வந்தான்.

கூட்டத்தில் சேராத தனி ஆண். புதருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, நின்று, தும்பிக்கையை உயர்த்திக் காற்றைத் துழாவினான். ஆற்றைப் பார்க்கவில்லை. நேராக எங்களை நோக்கி நடந்தான்.

ஒவ்வொரு அடிக்கும் ஆகாயம் கொஞ்சம் குறைந்தது. முதலில் மரங்கள் மறைந்தன, அப்புறம் ஆறு, அப்புறம் வெயில். கண்ணாடி முழுக்க அவன் நெற்றிச் சுருக்கம்தான். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று — சத்தம். என் கை ஹாரனுக்குப் போயிற்று. கோவளத்துக் கூச்சல் முழுசும் தொண்டைக்கு வந்துவிட்டது.

இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாக இல்லை. பூவைப் பிடிக்கிற மாதிரி.

"சத்தம் போடாத." உதடு மட்டும் அசைந்தது. "சீசன்ல எங்க ஊர் கரைமேல நடப்பியே... அப்டி இரு."

"ஏங்க..."

"மூச்சு வுடு. மெதுவா வுடு."

தும்பிக்கை கீழே இறங்கியது. எங்களுக்குத் தெரியாத இடத்தில், பானெட்டுக்கு முன்னால், எதையோ தேடித் தடவியது. வண்டி லேசாக ஆடியது. கயிறு அறுகிற சின்னச் சத்தம், 'பட்'. அந்த ஒரு சத்தத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏங்க... எலுமிச்சம்பழம்."

"எந்த எலுமிச்சம்பழம்?"

"திருஷ்டி. நான் கட்டினது."

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "பழம் கீதான்னு கேட்டாங்களே! ஊறுகாயக்கூடக் குடுத்தனே!"

"நீங்களுந்தான் இல்லன்னீங்க!"

யானைக்கு முன்னால், உதட்டை மட்டும் அசைத்து ஒரு புருஷன் பெண்சாதிச் சண்டை. உலகத்திலேயே சத்தமில்லாமல் நான் போட்ட சண்டை அது ஒன்றுதான்.

தும்பிக்கை மேலே வந்தது. நுனியில் இரண்டு விரல் மாதிரி இருக்கிறதே, அதற்கு நடுவில் என் எலுமிச்சம்பழம், கயிறோடு, மிளகாயோடு. பூக்காரம்மா சரத்தைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி ஒரு நொடி காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். கண்ணை மூடி ரசித்து மென்றான்.

அப்புறம் மிளகாய் வேலை செய்தது.

மெல்லுவது நின்றது. தலையை ஒரு உதறு உதறினான். காது இரண்டும் கூரைப்பாய் மாதிரி பட் பட்டென்று அடித்துக்கொண்டன. ஒரு பெருமூச்சு... மண்ணும் எச்சிலுமாகக் கண்ணாடி முழுக்கத் தெறித்தது. தும்பிக்கையை ஓங்கி பானெட்டில் ஒரே ஒரு அடி. வண்டி குதித்து உட்கார்ந்தது. முடிந்தோம் என்று நினைத்தேன். இவர் பிடி மட்டும் மாறவில்லை. என் நாடியைப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சை அதற்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவன் சுற்றிக்கொண்டு என் பக்க ஜன்னலுக்கு வந்தான். திறந்திருந்த ஜன்னல். ஏற்றினால் சத்தம் கேட்கும்.

ஒரு கண். அவ்வளவுதான் தெரிந்தது. அந்த மலைக்கு எவ்வளவு சின்னக் கண்! தேன் நிறம். மேலே நீள நீளமாக இமைமயிர். கண்ணோரத்திலிருந்து ஈரக்கோடு, மிளகாய்க்காக அழுததா, எப்போதும் அழுவதா தெரியாது. அந்தக் கண்ணுக்குள் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் ஒரு பெண். நான் யானை பார்க்கப் போனேன். யானை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் யார், எந்த ஊர், எதற்காக இத்தனை சத்தம் போட்டேன் இத்தனை வருஷம்... எல்லாவற்றையும் ஒரு மூச்சுக்குள் படித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

அப்புறம், போகட்டும் என்று நினைத்தானோ என்னவோ... திரும்பி ஆற்றுக்குப் போனான். தண்ணீர் குடித்தான், குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான்.

இவர் என் மணிக்கட்டை விட்டார்.

சூரியன் ஆற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் செக்கச்செவேலென்று ஆயிற்று. பானெட்டில் சின்னத் தாம்பாளம் வைக்கிற அளவுக்கு ஒரு குழி. நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்திருக்கிறேனே! அதுவும் தவிர, என்ன சொல்ல? டிரிப் நல்லபடி முடியவேண்டும் என்று நானே கட்டிய பழம், நானே கூப்பிட்ட யானை. டிசம்பர், ஏரோப்ளேன், மதுராந்தகம்... மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டேன்.

"எங்க ஏரிக்கு வருதுங்களே..." என்று ஆரம்பித்தார் இவர், ஆற்றைப் பார்த்தபடி. "நாரை, கூழைக்கடா, எல்லாம். எங்கேர்ந்து வருது, எதுக்கு வருதுன்னு நாங்க ஒருநாளும் கேட்டதில்ல. வந்துகீதுங்க, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுடுவோம்."

நான் பானெட்டில் விழுந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கி அது நம்மள அப்டித்தான் வுட்டுச்சி. பாத்தியா? மிளகாயத் தின்ன கோவம். ஒரு மிதி மிதிச்சிருந்தா நாம இல்ல. கிட்ட வந்து பாத்துச்சி. எங்கேர்ந்தோ வந்துகீதுங்க, இருந்துட்டுப் போவட்டும்னு போயிடுச்சி." என் பக்கம் திரும்பினார். "நம்ம சீசன் இன்னும் முடியலம்மா."

"அப்ப டிசம்பர்?"

"நீதான் வாயத் தொறக்க மாட்டேன்னியே!"

லீவு முடிந்து ஸ்கூல் திறந்ததும் ஸ்டாஃப் ரூமில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டு வடக்குப் பக்கத்து பயாலஜி டீச்சர் ஒருத்தி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாளாம். அவள் ஊரில் யானை வராமலிருக்க வயலைச் சுற்றி மிளகாயை வைப்பார்களாம். "வா என்றும் வராதே என்றும் ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்களே, பாவம் அது எதைக் கேட்கும்?" என்றாளாம்.

இரண்டு வருஷம் என்று போன நாங்கள், இரண்டாயிரம் பிறந்தபிறகுதான் திரும்பினோம். லீவு விட்டால் காடு. சிங்கம் உறுமினால் மணல் அதிர்கிற பாலைவனப் பூங்கா, அடிவானம் வரைக்கும் உப்புப் பூத்த வெள்ளை வெளி, மரத்தோணியில் நாணலுக்கு நடுவே சத்தமில்லாமல் நழுவிப்போன டெல்டா... ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் இவர் குனிந்து பம்பரைத் தடவிப் பார்ப்பார். மிளகாய் மட்டும் கட்டுவோம். அந்தக் குழியை அவர் கடைசிவரை தட்டி எடுக்கவில்லை. வண்டியை இன்னொரு தமிழ் வாத்தியாருக்கு விற்கும்போது, "இன்னா சார், ஆக்சிடென்ட்டா?" என்று அவர் கேட்டார். "இல்ல, ஆசீர்வாதம்" என்றார் இவர்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நித்யா இவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிப் பழத்தை உருவிவிட்டாள். வெறும் மிளகாயைக் கட்டிக்கொண்டு மறுநாள் முதுமலைக்குக் கிளம்பிப் போனார்கள்.

நேற்று திரும்பி வந்தார்கள். கார் புதுசாகவே இருந்தது. ஒரு கீறல் இல்லை. பிரகாஷ் மாடியேறி வந்து சந்தோஷமாகச் சொன்னான்: "மிளகாய் சூப்பரா வேலை செஞ்சிருக்கு, அங்கிள்! காடு பூரா சுத்தியும் ஒரு யானைகூடப் பக்கத்துல வரல!"

இவர் மெதுவாக, ஏரிக்கரைக் குரலில் சொன்னார்: "ச்சே... பாவம்பா நீங்க."

பத்திரமாகத் திரும்பி வந்தவர்களைப் பார்த்து ஒருவர் பரிதாபப்பட்டதை நேற்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்!